கயித்தை விடுறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு!



போன மாசம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம். மெயின் கேட்டுக்கு மேலே பெருசா ஒரு ஹீலியம் பலூன் பறக்கணும்னு கமிட்டிக்கு ஆசை. வாடகைக்கு எடுத்தாச்சு. கிரவுண்டின் ஒரு மூலையில் அதை ஊதி, அங்கிருந்து கேட் வரைக்கும் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டும். நாங்கள் அஞ்சு பேர். ‘ஒரு பலூனுக்கு எதுக்குடா அஞ்சு பேரு?’ என்று கலாய்த்துக்கொண்டேதான் கிளம்பினோம்.

பாதி வழியில் அடித்தது ஒரு காற்று. அதுவரை சமர்த்தாக வந்த பலூன் சடாரென்று சாய்ந்து இழுத்தது. நான் கயிற்றை விட்டுவிட்டேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பங்கு இழுவை பக்கத்தில் இருந்தவன் மேல் போனது. அவனும் விட்டான். அடுத்தவனும் விட்டான். கண் மூடித் திறப்பதற்குள் கயிற்றில் மிச்சம் இருந்தது என் ரூம்மேட் மட்டும்தான். அவன் விடவில்லை. தடுமாறி நாலடி இழுபட்டான். கயிறு அவன் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. பலூன் வேப்பமரத்தில் மாட்டி வெடித்தது.

பத்து நாள் அவன் கையில் கட்டு. லேப் ரெக்கார்டு எல்லாம் நான்தான் எழுதிக்கொடுத்தேன். ‘நண்பேன்டா’ என்று ஹாஸ்டலே பாராட்டியது. யார் முதலில் விட்டது என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தக் குறுகுறுப்பில்தான், உலகத்திலேயே மிகப் பெரிய பலூன்களைக் கயிறு பிடித்துக் கட்டுப்படுத்தியவர்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் பிளிம்ப்கள், அவற்றின் கிரவுண்ட் க்ரூ. இந்த வாரம் அவங்க கதைதான், மக்களே!

*தீயை நோக்கி ஓடியவர்கள்*

முதலில் ஒரு சின்ன கிளாஸ். ஆகாயக் கப்பல்களில் ரெண்டு ஜாதி முக்கியம். ஒன்று, உள்ளே அலுமினியக் கலவையில் எலும்புக்கூடு வைத்தது. வாயு மொத்தமும் வெளியே போனாலும் உருவம் அப்படியே நிற்கும். இன்னொன்று, எலும்பே இல்லாதது. ரப்பர் பூசிய துணிப்பை, அதற்குள் வாயு, கீழே ஒரு கேபின், அவ்வளவுதான். வாயு இருக்கும் வரைதான் அதற்கு உருவம். இந்த எலும்பில்லாத ஆசாமிதான் பிளிம்ப்.

ஜெர்மனியின் ‘ஹிண்டன்பர்க்’ எலும்புள்ள ரகம். 245 மீட்டர் நீளம். 1937 மே 6 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் இருக்கும் லேக்ஹர்ஸ்ட் கடற்படைத் தளத்தில் இறங்கும்போது தீப்பிடித்தது. உள்ளே இருந்தது ஹைட்ரஜன். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் 36 பேர். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க.

அதே வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. கப்பலை விட்டுவிட்டுக் கீழே கவனியுங்க. தலைக்கு மேலே எரிந்துகொண்டு விழும் கப்பலிலிருந்து தப்பிக்கக் குட்டி குட்டியாக மனிதர்கள் ஓடுவார்கள். கயிறு பிடித்து இறக்குவதற்காக அன்று 200 பேருக்கு மேல் அங்கே நின்றார்கள். கடற்படை மாலுமிகளும் உண்டு, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் உண்டு. இறந்த 36 பேரில் ஒருவர், தரையில் நின்ற அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

ஓடியவர்களைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். ஆனால், கப்பல் தரையில் மோதியதும் அவர்களில் பலர் திரும்பி அந்தத் தீயை நோக்கியே ஓடினார்கள். எரியும் சட்டத்துக்குள்ளிருந்து ஆட்களை இழுத்துப் போட்டார்கள். கப்பலில் வந்த 97 பேரில் 62 பேர் பிழைத்ததற்கு அவர்களும் ஒரு காரணம். இந்த விஷயத்தை மனசில் ஓரமா வச்சுக்குங்க, கடைசியில் வேணும்.

*போர்ல பலூனுக்கு என்னங்க வேலை?*

‘அதோட ஆகாயக் கப்பல் சகாப்தம் முடிஞ்சுபோச்சு’ என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரிய பயணிகள் கப்பல்களுக்கு அது சரி. ஆனால், அமெரிக்கக் கடற்படையிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. அது ஹீலியம். எரியவே எரியாத வாயு. அன்றைக்கு உலகத்தில் கிடைத்த ஹீலியத்தில் கிட்டத்தட்ட எல்லாமே அமெரிக்க மண்ணுக்கு அடியில் எரிவாயுவோடு கலந்து கிடந்தது. டெக்ஸாஸ் மாநிலத்து அமரில்லோ ஊரில் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1925-லேயே சட்டம் போட்டு அரசாங்கம் அதைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டது.

1941 டிசம்பரில் அமெரிக்கா போருக்குள் வந்தபோது கடற்படையிடம் இருந்த பிளிம்ப்கள் வெறும் 10. அடுத்த மாதமே தலைக்கு மேல் வெள்ளம். 1942 ஜனவரியில் ஜெர்மனியின் யு-போட் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கே வந்துவிட்டன. கடலோர நகரங்கள் விளக்கைக்கூட அணைக்கவில்லை. அந்த வெளிச்சத்தின் முன்னால் எண்ணெய்க் கப்பல்கள் கறுப்பு நிழலாகத் தெரிந்தன. நீர்மூழ்கிக்காரர்களுக்கு அது ஷூட்டிங் கேலரி மாதிரி. சில மாதங்களில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் மூழ்கின.

பாதுகாப்புக்குக் கப்பல்களைக் கூட்டமாக அனுப்ப ஆரம்பித்தார்கள். கான்வாய் என்று பேர். அந்தக் கூட்டம் மாட்டுவண்டி வேகத்தில்தான் நகரும். விமானத்தால் அவ்வளவு மெதுவாகப் பறக்க முடியாது, வேகம் குறைந்தால் விழுந்துவிடும். பிளிம்புக்கு அந்தப் பிரச்னையே இல்லை. கப்பல்களுக்கு மேலே அதே வேகத்தில் தவழ்ந்துகொண்டே ஒரு முழு நாளுக்கு மேல் காவல் இருக்கும். ராடார் உண்டு. தண்ணீருக்குள் இருக்கும் இரும்பைக் காந்தப்புல மாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவி உண்டு. தண்ணீருக்கடியில் வெடிக்கும் குண்டுகள் நான்கு. ஒரு மெஷின் கன். ஆட்கள் சுமார் 10 பேர்.

இந்த வேலைக்காக ‘குட்இயர்’ கம்பெனி கட்டியதுதான் கே வகை பிளிம்ப்கள். மொத்தம் 134. லேக்ஹர்ஸ்ட்டில் ஆரம்பித்து ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா, ஓரிகன், கரீபியன், பிரேசில் என்று தளங்கள் விரிந்தன. இரும்பு எல்லாம் போர்க்கப்பல்களுக்குப் போனதால், பிளிம்ப்களை நிறுத்தும் ஹேங்கர்களை மரத்தில் கட்டினார்கள். ஒவ்வொன்றும் 1,000 அடிக்கு மேல் நீளம், 17 மாடிக் கட்டடத்தின் உயரம். முழுக்க மரம், பாஸ்!

*12 டன் கணக்கு*

மெக்கானிக்கல் ஸ்டூடண்ட் எழுதும் காலம், ஒரு கணக்காவது இல்லாவிட்டால் எங்க ஹெச்.ஓ.டி. கோவிச்சுக்குவார். பயப்படாதீங்க, ஈஸியான கணக்குதான்.

கே வகையின் கொள்ளளவு 4,25,000 கன அடி. அதாவது சுமார் 12,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் ஹீலியம் கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தூக்கும். ஆகமொத்தம் 12 டன். துணி, எஞ்சின், பெட்ரோல், குண்டு, ஆட்கள் எல்லாமே இந்த 12 டன்னுக்குள் அடங்க வேண்டும். எடையும் தூக்கும் விசையும் சரிக்குச் சரி வந்தால், 77 மீட்டர் நீளமுள்ள அந்த யானையை ஒரே ஆள் தோளால் தள்ளி நகர்த்தலாம். மந்திரம் மாதிரி இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சரிக்குச் சரி ரொம்ப நேரம் நிற்காது. மேகம் விலகி வெயில் அடித்தால் உள்ளே ஹீலியம் சூடாகி விரியும். சுற்றியுள்ள காற்றைவிட அது 10 டிகிரி அதிகம் சூடானால், சுமார் 400 கிலோ கூடுதலாகத் தூக்கும். நாலஞ்சு பேரைக் கூசாமல் தூக்கிக்கொண்டு போகும் விசை அது. பறக்கப் பறக்க பெட்ரோல் எரிந்து இன்னும் லேசாகும். மழை பெய்தால் துணி நனைந்து கனமாகும். ராத்திரி குளிர்ந்தால் வாயு சுருங்கும்.

காற்று இன்னொரு பக்கம். பிளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு. ஒரு பிரமாண்டமான பாய் மாதிரி. அதில் பக்கவாட்டுக் காற்று அடித்தால் என்னாகும்? எங்க சிம்போசியம் பலூனே என்னை அந்தப் பாடு படுத்தியது. அதைவிட இது ஆயிரம் மடங்கு பெரிய சமாச்சாரம்.

ஆக, விமானத்துக்குத் தரையில் இறங்கினால் நிம்மதி. பிளிம்புக்குத் தரைக்குப் பக்கத்தில் வந்தால்தான் ஆபத்தே ஆரம்பிக்கும்.

*வி வடிவத்தில் நில்!*

இங்கேதான் நம்ம ஆட்கள் வருகிறார்கள்.

பிளிம்ப் இறங்கப்போகிறது என்றால், கிரவுண்ட் க்ரூ வெட்டவெளியில் ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி ரெண்டு வரிசையாகப் பிரிந்து நிற்பார்கள். ‘வி’யின் வாய் பிளிம்ப் வரும் பக்கம். பிளிம்ப் காற்றுக்கு எதிராக மெதுவாக முன்னேறி வரும். அதன் மூக்கிலிருந்து ரெண்டு நீளக் கயிறுகள் தொங்கும். இடது வரிசை இடது கயிற்றைப் பிடிக்க வேண்டும், வலது வரிசை வலது கயிற்றை. மூக்கு அடங்கியதும் இன்னொரு குழு கேபினை நெருங்கி, அதைச் சுற்றி ஓடும் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொள்ளும். தலைக்கு மேலே எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்கும். காதில் ஒன்றும் விழாது. எதிரே நிற்கும் ஒரு அதிகாரி கையசைவால் மட்டுமே கட்டளை கொடுப்பார். இழு, நிறுத்து, விடு. எல்லார் கண்ணும் அவர் கையிலேயே இருக்கும்.

அடுத்து எடை பார்ப்பது. அதிகாரி சைகை காட்டியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கம்பியிலிருந்து கையை எடுப்பார்கள். பிளிம்ப் மேலே போகிறதா, கீழே அமர்கிறதா, அப்படியே நிற்கிறதா? அதைப் பொறுத்து, ஈயக் குண்டுகள் நிரப்பிய பைகளை ஏற்றுவார்கள் அல்லது இறக்குவார்கள். நம்ம ஊர் கடையில் தராசுத் தட்டில் படிக்கல் போடுகிற அதே வேலை. தராசுதான் 77 மீட்டர்!

பிறகு, சக்கரம் வைத்த கட்டுக்கம்பம் ஒன்றை டிராக்டர் இழுத்து வரும். பிளிம்பின் மூக்கு அதில் பூட்டப்படும். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் பிளிம்பும் கம்பத்தைச் சுற்றி சேவல் கொடி மாதிரி திரும்பும். ‘அப்பாடா, வேலை முடிஞ்சுது, டீ சாப்பிடப் போலாம்’ என்று நினைச்சீங்களா? இல்லை. பிளிம்புக்குள் காற்றடைத்த சின்னப் பைகள் சில உண்டு. ஹீலியம் சுருங்கினால் இவற்றில் காற்றை ஏற்ற வேண்டும், விரிந்தால் இறக்க வேண்டும். அப்படித்தான் பிளிம்பின் உருவத்தைக் காப்பாற்ற முடியும். உள்ளே இருக்கும் அழுத்தமோ ஒரு பி.எஸ்.ஐ.-யில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. உங்க பைக் டயரில் 30 பி.எஸ்.ஐ. இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்க. அதனால் கம்பத்தில் கட்டியிருக்கும் பிளிம்பை ராத்திரி முழுக்க ஒருத்தர் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்க வேண்டும். பனி பெய்யும் ஊர்களில் அதன் முதுகில் சேரும் பனியை வேறு தள்ள வேண்டும்.

பறப்பவர்கள் ஷிஃப்ட் முடிந்து தூங்கப் போவார்கள். பிளிம்ப் தூங்காது. அதனால் கிரவுண்ட் க்ரூவில் யாராவது ஒருத்தர் எப்பவும் தூங்காமல் இருக்க வேண்டும்.

*1932: விடாமல் பிடித்தவர்கள்*

இந்த வேலையின் முதல் பாடத்தைக் கடற்படை ரொம்ப விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது.

1932 மே 11. கலிஃபோர்னியாவில் சான் டியாகோ பக்கம் கேம்ப் கியர்னி என்கிற இடம். கடற்படையின் ‘ஏக்ரான்’ ஆகாயக் கப்பல் நீண்ட பயணம் முடித்து இறங்க வந்தது. இது எலும்புள்ள ரகம், 785 அடி நீளம். வழியில் எரிபொருள் நிறையச் செலவாகிவிட்டது. வெயிலில் ஹீலியமும் சூடேறிவிட்டது. கப்பல் லேசாகி மேலே போகத் துடிக்கிறது. கீழே கயிறு பிடிக்க நின்றவர்களோ இந்த வேலையில் பழக்கமே இல்லாத மாலுமிகள்.

கப்பல் திடீரென்று மேலே எழும்பியது. பெரும்பாலானவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். நான்கு பேர் விடவில்லை. ஒருவர் சுமார் 15 அடி உயரத்தில் விட்டு, விழுந்து கை உடைந்தது. மற்ற மூன்று பேர் கயிற்றோடு மேலே மேலே போனார்கள். ராபர்ட் எட்சால், நைஜல் ஹென்டன் இருவரும் பிடி நழுவி விழுந்து இறந்தார்கள். மூன்றாமவர் பட் கவர்ட். அவர் கயிற்றில் தன்னைப் பிணைத்துக்கொண்டு, வானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தொங்கினார். கடைசியில் மேலே இருந்தவர்கள் அவரைக் கப்பலுக்குள் தூக்கிக்கொண்டார்கள். எல்லாமே கேமராவில் பதிவானது.

அந்தப் படத்தை நான் ரெண்டு தடவைக்கு மேல் பார்க்க முடியவில்லை. கீழே நின்ற மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். ஒரு நிமிஷம் முன்னாடி அதே கயிறுகளில் அவர்கள் கையும் இருந்தது.

கிரவுண்ட் க்ரூவுக்குச் சொல்லிக்கொடுக்கும் பால பாடம் இதுதான்: கால் தரையை விட்டு எழும்பினால் உடனே விடு. வீரம் காட்டாதே. இன்னும் ரெண்டு செகண்ட் பார்க்கலாம் என்று நினைத்தால், அந்த ரெண்டு செகண்டில் நீ மாடி உயரத்தில் இருப்பாய்.

யோசிச்சுப் பாருங்க. நம்மை எல்லாரும் ‘விடாதே, பிடி’ என்றுதான் வளர்த்திருக்கிறார்கள். இங்கே ‘விடு’ என்பதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதிலும் எல்லாரும் ஒன்றாக விட வேண்டும். பத்துப் பேர் பிடிக்கும் கயிற்றில் ஒன்பது பேர் சத்தமில்லாமல் விட்டால், பத்தாவது ஆள் மாட்டிக்கொள்கிறான். அவன் முட்டாள் என்பதால் இல்லை. மற்றவர்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியதால்.

*தரையில் நின்றதால் பிழைத்தவர்*

சான் ஃபிரான்சிஸ்கோவில் 1942 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை. எல்-8 என்கிற சின்ன ரக பிளிம்ப் காலை ஆறு மணிவாக்கில் ரோந்துக்குக் கிளம்பியது. போக வேண்டியவர்கள் மூன்று பேர். ஆனால், பிளிம்ப் கனமாக இருந்தது. மெக்கானிக் ரைலி ஹில்லைக் கடைசி நேரத்தில் இறக்கிவிட்டார்கள். எர்னஸ்ட் கோடி, சார்லஸ் ஆடம்ஸ் இருவர் மட்டும் போனார்கள். எட்டு மணிக்குள் ரேடியோவில் ஒரு செய்தி வந்தது. கடலில் எண்ணெய்ப் படலம் தெரிகிறது, போய்ப் பார்க்கிறோம் என்று. அவ்வளவுதான்.

சில மணி நேரம் கழித்து அந்த பிளிம்ப் தானாக மிதந்து கரைக்கு வந்தது. டேலி சிட்டி என்கிற ஊரில் வீடுகளுக்கு நடுவே தெருவில் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் கேபின் கதவு திறந்திருக்கிறது, உள்ளே யாரும் இல்லை. பாராசூட், ரப்பர் படகு எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே. ரெண்டு பேரும் கடைசிவரை கிடைக்கவே இல்லை. பிளிம்ப் கிளம்பும் முன் போட்ட எடைக் கணக்கு ஒரு உயிரைத் தரையில் நிறுத்திவைத்துவிட்டது.

அடுத்த வருஷம் 1943 ஜூலை 18 ராத்திரி, ஃப்ளோரிடா ஜலசந்தி. நெல்சன் கிரில்ஸ் தலைமையில் கே-74 ரோந்தில் இருந்தது. ராடாரில் ஒரு புள்ளி. பார்த்தால், யு-134 நீர்மூழ்கி தண்ணீருக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. துப்பாக்கி எட்டாத தூரத்தில் நின்று, மற்றவர்களைக் கூப்பிட வேண்டும் என்பதுதான் விதி. ஆனால், பக்கத்தில் சரக்குக் கப்பல்கள் இருந்தன. கிரில்ஸ் நேராகத் தாக்கப் போனார். நீர்மூழ்கி சுட்டது. பிளிம்பின் குண்டுகள் விழவில்லை. ஹீலியம் கசிந்து கே-74 மெல்லக் கடலில் அமர்ந்தது. எரியாத வாயு என்பதால் பத்துப் பேரும் உயிரோடு தண்ணீரில் இறங்கினார்கள். ராத்திரி முழுக்க மிதந்தார்கள். மறுநாள் உதவி வருவதற்குச் சற்று முன்னால் ஐசடோர் ஸ்டெசல் என்பவரைச் சுறா பிடித்துவிட்டது. மற்ற ஒன்பது பேரும் மீட்கப்பட்டார்கள். அந்தப் போரில் எதிரி சுட்டு வீழ்த்திய ஒரே அமெரிக்க பிளிம்ப் அதுதான். யு-134-ம் ஊர் போய்ச் சேரவில்லை, அடுத்த மாதமே மூழ்கடிக்கப்பட்டது.

*ஒண்ணும் நடக்கலைன்னா பாஸ்!*

1944 மே 28. கே-123, கே-130 என்ற ரெண்டு பிளிம்ப்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து கிளம்பின. நியூஃபவுண்ட்லாந்து, அசோர்ஸ் தீவுகள் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி ஜூன் 1 அன்று மொராக்கோ போய் இறங்கின. பிளிம்ப் ஒன்று அட்லாண்டிக்கைக் கடந்தது அதுதான் முதல் முறை. பிறகு அவை ஜிப்ரால்டர் ஜலசந்தியில் ராத்திரி ராத்திரியாகத் தாழப் பறந்து நீர்மூழ்கிகளுக்குக் காந்த வேலி போட்டன. சாதனைப் பட்டியலில் விமானிகள் பெயர் இருக்கும். ஆனால், வழியில் நின்ற ஒவ்வொரு இடத்திலும் கம்பத்தைத் தயார் செய்து, கயிறு பிடிக்க ஆட்கள் காத்திருந்தால்தான் அந்தப் பயணமே சாத்தியம். தரையில் ஆள் இல்லாவிட்டால் பிளிம்பால் இறங்க முடியாது.

சரி, இத்தனை பிளிம்ப்களும் சேர்ந்து எத்தனை நீர்மூழ்கிகளை மூழ்கடித்தன? தனியாக ஒன்றைக்கூட இல்லை. சில வேட்டைகளில் துணையாக இருந்தன. 1945 மே 6 அன்று, போர் முடியும் தறுவாயில் யு-853 மூழ்கடிக்கப்பட்டபோது லேக்ஹர்ஸ்ட் பிளிம்ப்கள் ரெண்டு உதவின. ‘அப்போ வேஸ்ட்டா?’ என்று கேட்காதீங்க. போர் முழுக்க சுமார் 89,000 கப்பல்களுக்கு அவை காவல் போனதாகக் கடற்படைக் கணக்கு. அவற்றில் இழந்தவை விரல் விட்டு எண்ணும் அளவுதான். கான்வாய், விமானம், போர்க்கப்பல் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும், தலைக்கு மேலே பிளிம்ப் தெரிந்தால் நீர்மூழ்கி தண்ணீருக்குள்ளேயே அடங்கிக் கிடக்க வேண்டும். அங்கே அதன் வேகம் குறைவு. காவல்காரன் வேலை அப்படித்தான். திருடு போகாத வீட்டில் அவன் என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியாது.

கிரவுண்ட் க்ரூவின் வேலையும் அதே ரகம். ஒன்றும் நடக்காமல் நாள் முடிந்தால் அன்றைக்கு அவர்கள் பாஸ்.

அவர்களால் முடியாத நாளும் வந்தது. 1945 செப்டம்பர் 15. போர் முடிந்து ரெண்டு வாரம்கூட ஆகவில்லை. ஃப்ளோரிடாவின் ரிச்மண்ட் தளத்தைப் புயல் தாக்கியது. புயலுக்குப் பயந்து பிளிம்ப்களையும் விமானங்களையும் மூன்று மர ஹேங்கர்களுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். ஹேங்கர்கள் சரிந்து தீப்பிடித்தன. 25 பிளிம்ப்கள், 366 விமானங்கள் சாம்பல். எதிரியால் போர் முழுக்க ஒன்றே ஒன்றைத்தான் வீழ்த்த முடிந்தது. காற்றும் தீயும் ஒரே நாளில் 25.

கடற்படையின் பிளிம்ப் பறப்பு 1962-ல் நின்றது. மர ஹேங்கர்கள் பலவும் போய்விட்டன. கலிஃபோர்னியாவின் டஸ்டின் நகரில் இருந்த ரெண்டில் ஒன்று 2023 நவம்பரில் எரிந்துபோனது. ஓரிகன் மாநிலத்தின் டில்லமுக்கில் ஒன்று நிற்கிறது. எல்-8-ன் கேபினைப் பென்சகோலா நகரத்துக் கடற்படை விமான மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். அதன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தவர்களுக்கென்று தனி மியூசியம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

*மச்சி, நான்தான்*

இவ்வளவும் படித்த பிறகு என் கணக்குக்கு வருகிறேன். கயிற்றை விட்டது தப்பா? லேக்ஹர்ஸ்ட் பாடப்படி பார்த்தால் இல்லை. காற்று இழுக்கும்போது விடத்தான் வேண்டும். என் ரூம்மேட்டும் விட்டிருக்க வேண்டும். நான் செய்த தப்பு வேறு. ‘விடுங்கடா!’ என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். ஒரு செகண்ட்தான் ஆகியிருக்கும். அஞ்சு பேரும் ஒன்றாக விட்டிருப்போம். பலூன் எப்படியும் வேப்பமரத்தில்தான் வெடித்திருக்கும், ஆனால் அவன் கை தப்பித்திருக்கும்.

ரெண்டாவது தப்பு, திரும்பிப் போகாதது. ஹிண்டன்பர்க் நாளில் ஓடியவர்கள் தீக்குள்ளேயே திரும்பி வந்தார்கள். எனக்கு எதிரே தீ எதுவும் இல்லை. ஹாஸ்டல் ரூமில் எதிர் கட்டிலில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தன்தான். பத்து நாள் ரெக்கார்டு எழுதினேனே தவிர, ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை.

இந்த இதழ் எங்க ஹாஸ்டல் ரீடிங் ரூமுக்கு வந்ததும் முதலில் எடுத்துப் படிப்பது அவன்தான். என் பக்கத்தில் எழுத்துப் பிழை தேடுவது அவனுக்கு ஹாபி. அவன் இதை அச்சில் படித்துத் தெரிந்துகொள்வது நியாயமில்லை. அதனால் இந்தக் கட்டுரையை எடிட்டர் சார் டேபிளில் வைத்துவிட்டு நேராக ரூமுக்குத்தான் போகிறேன். அவன் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

உங்களுக்கும் இப்படி ஒரு கயிறு இருக்கும். ப்ராஜெக்ட் டீமில் பாதியில் கழன்றது, கல்ச்சுரல்ஸ் வேலையை ஒருத்தன் தலையில் கட்டிவிட்டு நைசாக நழுவியது, இந்த மாதிரி. விட வேண்டியிருந்தால் விடுங்க. சத்தமா சொல்லிட்டு விடுங்க. சொல்லாமல் விட்டிருந்தால், இந்த வாரம் போய்ப் பாருங்க.

அடுத்த வாரம் சந்திப்போம். அதுக்குள்ள என் ரூம்மேட் என்னை விட்டு வைத்தால்!